செயலி மறுத்தாலும் அஞ்சல் வரும்: பழைய கைபேசியில் அலுவலக மின்னஞ்சலை முறையாக அமைப்பது எப்படி

கோவையில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் கணினிகளையும் மின்னஞ்சலையும் பார்த்துக்கொள்வது என் வேலை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத் தோட்டங்களுக்குச் சென்று மோட்டார் பழுதுபார்க்கும் எங்கள் சர்வீஸ் ஊழியர்களில் மூத்தவர் ஒருவர் 2016-இல் வாங்கிய கைபேசியையே இன்றும் வைத்திருக்கிறார். ஆண்ட்ராய்டு 6-இல் ஓடும் அந்தக் கைபேசியில், மற்ற ஊழியர்கள் பயன்படுத்தும் மின்னஞ்சல் செயலியை நிறுவப் போனபோது, அது இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்று பிளே ஸ்டோர் சொல்லிவிட்டது. புதிய கைபேசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவது எனக்கு எளிது. அவருக்கோ அது மகளின் கல்லூரிக் கட்டணத்திலிருந்து எடுக்க வேண்டிய பணம். அந்தக் கைபேசியின் திரையிலும் பேட்டரியிலும் எந்தக் குறையும் இல்லை. ஆகவே அலுவலகத்தின் அனுமதியோடும், பாதுகாப்பைக் கைவிடாமலும் அதிலேயே மின்னஞ்சலை அமைத்தோம். அதை எப்படிச் செய்தோம் என்பதையும், வேறு சில நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களுக்கு இதே உதவியைச் செய்தபோது தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிளே ஸ்டோர் மறுப்பது அந்த ஒரு செயலியைத்தான். மின்னஞ்சலை யாரும் மறுக்கவில்லை. அஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இலும், சர்வரில் (அஞ்சலைச் சேமித்துவைக்கும் மையக் கணினியில்) இருக்கும் அஞ்சலைப் படிக்க உதவும் ஐமேப் 1986-இலும் உருவானவை. இன்றைக்குப் பழையது என்று ஒதுக்கப்படும் எந்தக் கைபேசியும் இவற்றைவிடப் பல ஆண்டுகள் இளையது. எனவே கேள்வி, கைபேசிக்கும் சர்வருக்கும் நடுவில் எந்த இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது என்பதுதான். என் அனுபவத்தில் அது நான்கு இடங்களில் ஒன்றாக இருக்கும்: செயலி பழைய இயங்குதளத்தில் நிறுவப்பட மறுக்கலாம், சர்வர் தான் யாரென்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழைக் கைபேசி நம்ப மறுக்கலாம், பழைய வகைக் கடவுச்சொல் உள்நுழைவைச் சர்வர் ஏற்க மறுக்கலாம், அல்லது நிறுவனத்தின் கொள்கையே அந்தக் கைபேசியை அனுமதிக்காமல் இருக்கலாம். முதல் மூன்றுக்கும் நேரான வழிகள் உண்டு. நான்காவதற்குக் கேட்டுப் பெறும் அனுமதி ஒன்றே வழி. அதைச் சுற்றிக்கொண்டு போக நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியவை

கைபேசியைத் தொடுவதற்கு முன் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்ளும் ஐடி பிரிவினரிடம் பேசுங்கள். தனி ஐடி பிரிவு இல்லாத சிறு நிறுவனமாக இருந்தால், டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமோ, மின்னஞ்சல் கணக்குகளை உருவாக்கித் தருபவரிடமோ பேச வேண்டும். கைபேசியின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு எண், கடைசியாக வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி ஆகிய மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கைபேசியின் அமைப்புகளில் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதியில் இவை இருக்கும். பிறகு, உங்கள் மின்னஞ்சல் எந்தச் சேவையில் இருக்கிறது, ஐமேப் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, பிற நிறுவனங்களின் செயலிகளைப் பயன்படுத்தலாமா, செயலிக் கடவுச்சொல் (ஒரு செயலிக்கென்றே தனியாக உருவாக்கும் கடவுச்சொல்) உருவாக்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

அவர்கள் தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைபேசி தொலைந்தாலோ, அதில் தீங்கான செயலி ஏதேனும் புகுந்தாலோ, கசிவது உங்கள் அஞ்சல் மட்டுமாக இருக்காது. வாடிக்கையாளர்களின் முகவரியும் விலைப்பட்டியலும் வங்கி விவரமும் சேர்ந்தே போகும். இந்தியாவில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை, அவை தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஐடி பிரிவினரின் கேள்விகள் நமக்குத் தொல்லையாகத் தோன்றாது.

இன்னொன்றையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்சிங்க் என்ற அஞ்சல் ஒத்திசைவு முறையில் அலுவலகக் கணக்கைச் சேர்க்கும்போது, கைபேசியின் 'சாதன நிர்வாகி' உரிமையைத் தருமாறு ஒரு திரை வரும். அதை ஏற்றுக்கொண்டால், கைபேசி முழுவதையும் தொலைவிலிருந்து அழிக்கும் அதிகாரம் நிறுவனத்துக்குக் கிடைக்கிறது. பழைய கைபேசிகளில் உள்ள அஞ்சல் செயலிகள் பலவற்றுக்கு அலுவலக அஞ்சலை மட்டும் தனியே அழிக்கத் தெரியாது. குடும்பப் படங்களும் சேர்ந்து போய்விடும். ஐமேப் முறையில் இந்த உரிமை கேட்கப்படுவதில்லை. இரண்டில் எதை உங்கள் அலுவலகம் விரும்புகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, ஆக்டிவ்சிங்க்தான் என்றால் முதலில் படங்களைக் கணினியில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

உங்கள் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் போன்ற நிர்வாக முறையைக் கட்டாயமாக்கியிருந்தால், பழைய கைபேசிக்கு அங்கே இடமிருக்காது. ஊழியர்களின் கைபேசிகளை நிர்வகிக்க 2024 அக்டோபர் முதல் இன்ட்யூன் ஆண்ட்ராய்டு 10-ஐக் குறைந்தபட்சமாக வைத்துவிட்டது. அந்த நிலையில் அலுவலகமே ஒரு கைபேசி தர வேண்டும் என்று எழுத்தில் கேட்பதே சரி. அஞ்சல் பார்ப்பது வேலையின் பகுதி என்றால் அதற்கான கருவியைக் கேட்பதில் தவறில்லை.

கைபேசியைத் தயார் செய்தல்

அனுமதி கிடைத்த பிறகும் உடனே செயலியைத் தேடிப் போகாமல், கைபேசியின் தேதியையும் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். பலநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பழைய கைபேசி விழித்தெழும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். சர்வரின் சான்றிதழ் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்பதைக் கைபேசி தன் கடிகாரத்தை வைத்தே சரிபார்ப்பதால், தேதி தவறென்றால் எந்தப் பாதுகாப்பான இணைப்பும் அமையாது. ஒரு மாலை முழுவதும் சர்வரைக் குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கைபேசி 2015 ஜனவரியில் இருப்பதைக் கண்டுபிடித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தானியங்கித் தேதி, தானியங்கி நேர மண்டலம் இரண்டையும் இயக்கிவிடுங்கள்.

அடுத்து, திரைப்பூட்டு. வரைந்து திறக்கும் கோட்டைவிட ஆறு இலக்க எண் நல்லது. விரலின் எண்ணெய்த் தடம் கண்ணாடியில் கோட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் 'பாதுகாப்பு' பகுதியில் கைபேசி குறியாக்கம் (பூட்டைத் திறக்காமல் உள்ளிருப்பதைப் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 5-இலிருந்து 6-க்கு மேம்படுத்தப்பட்ட கைபேசிகளில் இது பெரும்பாலும் செய்யப்பட்டிருக்காது. மின்னஞ்சல் கடவுச்சொல் கைபேசிக்குள்ளேயே சேமிக்கப்படுவதால் இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். பேட்டரியை நன்றாக ஏற்றிக்கொண்டு, சார்ஜரில் செருகியபடியே தொடங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நடுவில் அணைந்தால் உள்ளே இருப்பவை போய்விடக்கூடும். எனவே முன்பே நகலெடுத்துக்கொண்டு, மின்வெட்டு வராத நேரமாகப் பார்த்து வையுங்கள். எங்கள் மூத்தவரின் கைபேசிக்கு இதை அலுவலகத்து யுபிஎஸ்ஸில் செருகியே செய்தேன்.

பயன்படுத்தாத செயலிகளை நீக்குவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. அத்துடன் குறைந்தது ஒரு ஜிபி இடம் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இடம் தீர்ந்தால் பழைய கைபேசிகள் அஞ்சலை இறக்குவதை நிறுத்திவிடக்கூடும்.

எந்தச் செயலி

ஆண்ட்ராய்டு 5, 6, 7 ஆகியவற்றுக்கு நான் முதலில் எடுப்பது கே-9 மெயில். 2008-இலிருந்து இருந்துவரும் திறந்த மூலச் செயலியான இது 2022-இல் தண்டர்பேர்டு திட்டத்தோடு இணைந்தது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டாக வெளிவந்த முதல் பதிப்பும் ஆண்ட்ராய்டு 5-இலிருந்தே இயங்கியது. ஃபேர்ஈமெயில் என்ற செயலியும் நன்றாக உழைக்கும். ஆனால் அதன் அமைப்புகள் ஏராளம் என்பதால், தொழில்நுட்பம் அறியாதவருக்கு நான் கே-9-ஐயே நிறுவித் தருகிறேன். இவை இரண்டுக்கும் கூகுள் சேவைகள் தேவையில்லை. அதனால் 2019-க்குப் பின் கூகுள் சேவைகள் இல்லாமல் வந்த ஹுவாவே கைபேசிகளிலும் இதே முறை அப்படியே பொருந்தும்.

பிளே ஸ்டோரில் கிடைத்தால் அங்கிருந்தே எடுங்கள். உருவாக்குநர் பழைய பதிப்பை அங்கே விட்டுவைத்திருந்தால், உங்கள் கைபேசிக்கு ஏற்றதை ஸ்டோர் தானே தரும். கிடைக்காவிட்டால் திறந்த மூலச் செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டு களஞ்சியத்தில் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பதிப்பின் கீழும் அதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு எண் எழுதப்பட்டிருக்கும். முந்தைய பதிப்புகளும் இருக்கும். முன்பின் தெரியாத தளங்களில் கிடைக்கும் ஏபிகே கோப்பை (ஸ்டோர் இல்லாமல் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை) அலுவலக அஞ்சலுக்காக நிறுவவே கூடாது. யாரோ திருத்தி மறுபடி கட்டிய செயலி உங்கள் கடவுச்சொல்லைப் படிப்பதை நீங்கள் அறிய வழியே இல்லை.

ஆண்ட்ராய்டு 4.4-உம் அதற்கு முந்தியவையும் வேறு கதை. இணைப்பைக் குறியாக்கிக் காக்கும் டிஎல்எஸ் முறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் 2021 மார்ச்சில் முறையாகக் கைவிடப்பட்டன. டிஎல்எஸ் 1.2 ஆண்ட்ராய்டு 5-இலிருந்துதான் இயல்பாகவே இயங்கும் நிலையில் வந்தது. பழைய செயலி ஒன்றைக் கண்டுபிடித்து அதில் அஞ்சலை வரவைத்துவிட முடியலாம்; ஆனால் வாடிக்கையாளர் விவரங்களை அப்படிப்பட்ட கைபேசியில் வைக்க நான் உடன்பட மாட்டேன்.

உள்நுழைவு: ஒவ்வொரு சேவையிலும் ஒவ்வொரு விதம்

உங்கள் நிறுவனம் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருந்தால் வேலை எளிது. வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் வழியை, தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30-இலும், நிறுவனக் கணக்குகளுக்கு 2025-இலும் கூகுள் மூடிவிட்டது. பழைய கைபேசியில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் 'தவறானது' என்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். பலர் இதை அறியாமல் கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிவிட்டுக் குழம்புகிறார்கள். செயலி ஓஆத் முறையை அறிந்திருந்தால், அது உலாவியைத் திறந்து கூகுளின் சொந்தப் பக்கத்திலேயே நுழையச் சொல்லும், அதுவே சிறந்தது. அந்தப் பக்கம் பழைய உலாவியில் திறக்காவிட்டால், கணினியில் உங்கள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி, அதைக் கைபேசியில் கொடுக்க வேண்டும். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டினாலும் இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். நிர்வாகி இதைத் தடுத்திருக்கவும் கூடும். அதனால்தான் முதலிலேயே கேட்கச் சொன்னேன்.

மைக்ரோசாஃப்ட் 365 கொஞ்சம் கடினம். 2022 அக்டோபர் 1 முதல் அந்தச் சேவை, ஐமேப், அஞ்சலை இறக்கிக்கொள்ளும் பாப், ஆக்டிவ்சிங்க் ஆகியவற்றில் வெறும் கடவுச்சொல் உள்நுழைவை நிறுத்தத் தொடங்கியது. செயலிக் கடவுச்சொல்லும் இங்கே உதவாது. அதுவும் அந்தப் பழைய முறையையே சேர்ந்தது. ஓஆத் ஒன்றே வழி. கே-9-இல் 2022-இலிருந்து அது உண்டு. சர்வர் முகவரியாக அவுட்லுக் டாட் ஆஃபீஸ்365 டாட் காம், போர்ட் (சர்வரின் வாயில் எண்) 993 என்று கொடுத்தால், அங்கீகார முறையில் ஓஆத் தானாகத் தோன்றும். அனுப்புவதற்கு எஸ்எம்டிபி டாட் ஆஃபீஸ்365 டாட் காம், போர்ட் 587, இணைப்பு வகை ஸ்டார்ட்டிஎல்எஸ்.

உள்நுழைந்தபின் 'நிர்வாகியின் ஒப்புதல் தேவை' என்ற பக்கம் வந்தால் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் பிற செயலிகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் தரப்படவில்லை என்பதே பொருள். நிர்வாகி ஒருமுறை ஒப்புதல் தந்தால் போதும். அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால், அந்தப் பெட்டிக்கு எஸ்எம்டிபி அங்கீகாரம் அணைக்கப்பட்டிருக்கும். பல நிறுவனக் கணக்குகளில் அது தொடக்கத்திலிருந்தே அணைந்த நிலையில்தான் இருக்கிறது. அதையும் நிர்வாகியே அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் இயக்கித் தர முடியும். இந்த இரண்டையும் ஒரே அஞ்சலில் கேட்டுவிட்டால் இருவருக்கும் அலைச்சல் மிச்சம்.

ஜோஹோ மெயிலில், கணினியில் அமைப்புகளுக்குச் சென்று ஐமேப் அணுகலை முதலில் இயக்க வேண்டும். இது இயக்கப்படாத வரை கைபேசியில் எதைச் செய்தும் பயனில்லை. இந்தியத் தரவு மையத்தில் இருக்கும் நிறுவனக் கணக்குகளுக்குச் சர்வர் ஐமேப்புரோ டாட் ஜோஹோ டாட் இன், போர்ட் 993; அனுப்ப எஸ்எம்டிபிபுரோ டாட் ஜோஹோ டாட் இன், போர்ட் 465. இருபடிச் சரிபார்ப்பு இருந்தால் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் வேண்டும்.

எங்களைப் போல வாடகைச் சர்வரில் சொந்த டொமைனோடு அஞ்சலை வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 'மெயில்' என்ற சொல்லுக்குப் பின் புள்ளி வைத்து டொமைன் பெயரை எழுதினால் அதுவே சர்வர். வாங்க 993, அனுப்ப 465 அல்லது 587. பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரியையும் எழுத வேண்டும். போர்ட் 25-ஐ எங்கும் போடாதீர்கள். இணைய நிறுவனங்கள் பல அதை அடைத்துவைத்திருக்கின்றன. இணைப்பு வகையில் 'எதுவுமில்லை' என்ற தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் பேருந்து நிலையத்து வைஃபையில் உங்கள் கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டையைப் போலப் போகும்.

சான்றிதழ்ச் சிக்கல்

இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்றதும், தவறான முடிவுக்கு ஆட்களை இழுப்பதும் இந்தப் பகுதிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மூத்தவரின் கைபேசியில் சர்வர் விவரங்களைக் கொடுத்து 'அடுத்து' என்று அழுத்தியதும், சான்றிதழை நம்ப முடியவில்லை என்ற எச்சரிக்கையோடு, 'ஏற்கவும்', 'நிராகரிக்கவும்' என்று இரண்டு பொத்தான்கள் வந்தன. கை தானாக 'ஏற்கவும்' என்பதற்குப் போகும், போகக் கூடாது. அந்தப் பொத்தானை அழுத்துவது, எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாமலே சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

காரணம் இதுதான். எங்கள் சர்வருக்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழைப் போட்டிருக்கிறோம். உலகெங்கும் சிறு சர்வர்கள் மிகப் பல அதைத்தான் பயன்படுத்துகின்றன. அந்தச் சேவை தரும் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான அதன் சொந்த வேர்ச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஆண்ட்ராய்டு 7.1.1-இலிருந்துதான் கைபேசியின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு முந்திய கைபேசிகள், வேறொரு நிறுவனத்தின் பழைய வேர்ச் சான்றிதழைச் சார்ந்து அதை நம்பிவந்தன. அந்தப் பழைய வேர் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. பழைய ஆண்ட்ராய்டுகளுக்காகவே நீட்டிக்கப்பட்ட இடைக்கால ஏற்பாடும் 2024-இல் முடிந்துபோனது. ஆக, சர்வரிலும் குறையில்லை, கைபேசியிலும் பழுதில்லை. புதிதாக வந்தவரைக் கைபேசிக்கு அறிமுகம் செய்துவைக்க ஆளில்லாமல் போய்விட்டது.

அந்த அறிமுகத்தை நாமே செய்துவைக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் தளத்தின் சான்றிதழ்கள் பக்கத்திலிருந்து ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 கோப்பைப் புதுப்பிக்கப்பட்ட ஒரு கணினியில் இறக்குங்கள். பழைய கைபேசியின் உலாவி அந்தத் தளத்தையே திறக்க மறுக்கக்கூடும் என்பதால் கணினியே நல்லது. கோப்பைத் திறந்து அதன் கைரேகை எண்ணை (ஒரு சான்றிதழை அடையாளம் காட்டும் நீண்ட எண்ணை), அந்தக் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் அதே பெயருள்ள சான்றிதழின் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒத்திருந்தால், கோப்பின் பெயர் சிஆர்டி (.crt) என்று முடியும்படி மாற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாகக் கைபேசியில் போடுங்கள். பிறகு அமைப்புகளில் 'பாதுகாப்பு' என்ற பகுதிக்குள் 'சேமிப்பகத்திலிருந்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்து, அடையாளம் தெரியும்படி ஒரு பெயரிட்டு நிறுவுங்கள். திரைப்பூட்டு இல்லாத கைபேசி இந்த இடத்தில் பூட்டை அமைக்கச் சொல்லும்.

நிறுவியபின் 'உங்கள் நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு மேலே வந்து நிற்கும். நாமே சேர்த்த எந்த வேர்ச் சான்றிதழுக்கும் ஆண்ட்ராய்டு இப்படிச் சொல்லும். மூத்தவர் அடுத்த நாள் காலையிலேயே அந்த அறிவிப்பைப் பார்த்துப் பயந்து என்னிடம் கொண்டுவந்தார். ஆகவே கைபேசியைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். வேறு யார் தரும் சான்றிதழையும் இதே வழியில் சேர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த வழி ஆண்ட்ராய்டு 6 வரை அநேகமாக எல்லாச் செயலிகளுக்கும் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு 7.0-இலிருந்து பெரும்பாலான செயலிகள் நாமே சேர்க்கும் சான்றிதழைப் பொருட்படுத்துவதில்லை. 7.0-இல் மாட்டிக்கொண்டால் கைபேசிக்கு 7.1.1 மேம்படுத்தல் கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எச்சரிக்கைத் திரையில் தெரியும் கைரேகை எண்ணைச் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டி, அவர் சர்வரில் பார்த்துச் சரியென்று சொன்னபின் மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுவதால், ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய சேவைகளில் இந்தச் சிக்கல் எனக்கு வந்ததில்லை.

பாப் வேண்டாம், ஐமேப் போதும்

கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப், பாப்3 என இரண்டு வகைகள் காட்டப்படும். பாப்3 அஞ்சலைக் கைபேசிக்கு இறக்கிவிட்டுச் சர்வரிலிருந்து நீக்கிவிடும்படி அமைந்திருக்கக் கூடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பழைய கைபேசிக்கு அதுதான் பொருந்தும் என்று எண்ணி நானே பாப்3-ஐ வைத்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்தக் கைபேசி கிணற்றுத் தொட்டிக்குள் விழுந்தது. அந்த மூன்று வாரத்துக் கொள்முதல் ஆணைகள் சர்வரிலும் இல்லை, அலுவலகக் கணினியிலும் இல்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அழைத்து, மீண்டும் அனுப்புங்கள் என்று அந்த ஊழியர் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அதன்பின் கைபேசியில் பாப்3-ஐ நான் வைத்ததே இல்லை.

ஐமேப்பில் அஞ்சல் சர்வரிலேயே இருக்கும். கைபேசி அதைக் காட்டும் கண்ணாடி. நினைவகம் குறைந்த கைபேசிக்கு, ஒரு கோப்புறையில் எத்தனை அஞ்சல்களைக் காட்ட வேண்டும் என்பதை 25 அல்லது 50 என்று வையுங்கள். இணைப்புக் கோப்புகள் தானாக இறங்காமல், தொட்டால் மட்டும் இறங்கும்படி அளவு வரம்பைச் சிறியதாக வைத்துவிட்டால் டேட்டாவும் மிச்சமாகும்.

அனுப்பிய அஞ்சல் 'அனுப்பியவை' கோப்புறையில் இரண்டிரண்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கூகுளும் மைக்ரோசாஃப்டும் அனுப்பியதைத் தாமே சேமித்துக்கொள்கின்றன. செயலியும் ஒரு நகலை ஏற்றுகிறது. கே-9-இல் அனுப்பிய அஞ்சலைச் சர்வரில் பதிவேற்றும் தேர்வை அணைத்துவிட்டால் சரியாகிவிடும். சொந்தச் சர்வரில் அதை அணைக்கக் கூடாது. அணைத்தால் அனுப்பியதற்குச் சாட்சியே இருக்காது.

அஞ்சல் நேரத்துக்கு வராமல், செயலியைத் திறக்கும்போது மட்டும் மொத்தமாக வருகிறது என்றால் பேட்டரிச் சேமிப்பே காரணம். ஆண்ட்ராய்டு 6-இல் அறிமுகமான டோஸ் என்ற ஏற்பாடு, கைபேசி அசையாமல் கிடக்கும்போது செயலிகளின் இணையத்தை நிறுத்திவைக்கிறது. பேட்டரி மேம்படுத்தல் பட்டியலில் அஞ்சல் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். சில சீன நிறுவனங்களின் கைபேசிகளில் 'தானே தொடங்குதல்' என்ற அனுமதியையும் தனியாகத் தர வேண்டியிருக்கிறது. நொடிக்கு நொடி அஞ்சல் தேவைப்படாதவருக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும்படி வைத்தால் பேட்டரி மாலை வரை தாங்கும். எங்கள் மூத்தவருக்கு அரை மணிக்கு ஒருமுறை வைத்திருக்கிறேன். அவசரம் என்றால் எப்படியும் தொலைபேசியில்தான் அழைப்போம்.

கடைசியாக, வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்களுக்கே ஓர் அஞ்சல் அனுப்பிப் பாருங்கள். பிறகு ஒரு படத்தை இணைத்து அனுப்புங்கள். பிறகு கணினியில் ஓர் அஞ்சலைப் படித்துவிட்டு, அது கைபேசியிலும் படித்ததாக மாறுகிறதா என்று பாருங்கள். மூன்றும் நடந்தால் அமைப்பு சரியாக இருக்கிறது.

எதுவும் கைகொடுக்காதபோது

செயலிவழி முடியாவிட்டால் உலாவி இருக்கிறது. பயர்பாக்ஸ் உலாவி கைபேசியின் சான்றிதழ்ப் பட்டியலைச் சார்ந்திராமல் தன்னுடைய பட்டியலையே கொண்டுவருவதால், மற்ற உலாவிகள் மறுக்கும் அஞ்சல் பக்கத்தைப் பழைய கைபேசியிலும் அது திறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு வராது, இணையம் இல்லாத இடத்தில் படிக்க முடியாது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்த்தால் போதும் என்பவருக்கு இது நிறைவான வழி.

அலுவலக அஞ்சலைச் சொந்த ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பிவிடுவதைப் பலர் எளிய வழியாகச் சொல்வார்கள். நிறுவனத்தின் தகவல் அதன் கட்டுப்பாட்டை விட்டு வெளியேறும் வேலை அது. மைக்ரோசாஃப்ட் 365 அதை இயல்பாகவே தடுத்தும் வைத்திருக்கிறது. செய்ய வேண்டாம்.

பழைய ஐபோன் வைத்திருப்பவர்கள் பதிப்பு எண்ணைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். ஐஓஎஸ் 11-இலிருந்து, கைபேசியோடு வரும் மெயில் செயலி மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் கணக்குகளுக்குப் புதிய உள்நுழைவு முறையை (ஓஆத்தை) அறியும். ஐபோன் 5எஸ் ஐஓஎஸ் 12 வரை போகும்; அதில் மைக்ரோசாஃப்ட் 365 அஞ்சலைச் சேர்க்கலாம். ஐபோன் 5 ஐஓஎஸ் 10-ஓடு நின்றுவிட்டது. அதன் மெயில் செயலியில் முடியாது.

லீனியேஜ்ஓஎஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவிப் பழைய கைபேசிக்குப் புதிய ஆண்ட்ராய்டைக் கொடுக்கவும் முடியும். அதற்கு, கைபேசியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரைத் திறக்க வேண்டும். அப்போது கைபேசியில் உள்ள அனைத்தும் அழியும். வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கலாம். அதில் பழக்கமுள்ளவர் பக்கத்தில் இருந்தால் மட்டும், வேறு கைபேசி கையில் இருக்கும்போது, அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

அந்தக் கைபேசியை ஒருநாள் மாற்றும்போது செய்ய வேண்டியதையும் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். செயலியில் கணக்கை நீக்குவதற்கு முன்பாகவே, கணினியில் உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, அந்தக் கைபேசிக்காக உருவாக்கிய செயலிக் கடவுச்சொல்லை ரத்து செய்யுங்கள். ஓஆத் வழியாகச் சேர்த்திருந்தால் அந்தச் செயலிக்குத் தந்த அனுமதியை நீக்குங்கள். சொந்தச் சர்வரில் இருந்தால் கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள். பிறகு கைபேசியைக் கையில் எடுத்து, செயலியில் அஞ்சலைப் புதுப்பித்துப் பாருங்கள். 'அங்கீகாரம் தோல்வி' என்று வர வேண்டும்; அனுமதியை நீக்கிய கணக்கில் அது வரச் சற்று நேரம் ஆகலாம். அது வந்தபின் கணக்கை நீக்கி, கைபேசியை முழுவதுமாக அழித்து, அதன்பின் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.